மூடுபனி இல்லாத படம்

அன்புள்ள ஐயாவுக்கு,

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். 6 வருடமாகப் படம் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பைக்கில் ஏற்காடு போய்விடுவேன். ஹார்ட் டிஸ்கில் 40,000 படங்கள் சேர்ந்துவிட்டன. ஆனால் முதல் வருடம் எடுத்ததற்கும் போன மாதம் எடுத்ததற்கும் வித்தியாசமே தெரியவில்லை. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு மாறலாமா? ஏதாவது வகுப்பில் சேரலாமா? 12 படங்கள் இணைத்துள்ளேன். கடைசிப் படத்தில் மூடுபனி இல்லை, வெயில் வந்துவிட்டது. மன்னிக்கவும்.

க.

அன்புள்ள க.,

கேமராவை மாற்ற வேண்டாம். வகுப்பு உங்கள் விருப்பம், போனால் நாலு நண்பர்கள் கிடைப்பார்கள். என்னைப் பதில் எழுத உட்காரவைத்தது அந்த 'மன்னிக்கவும்'தான். ஏற்காட்டுப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்ச காலமாக எனக்கு வரும் கோபத்தை அது கிளப்பிவிட்டது.

11 படங்களிலும் மூடுபனி. பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், ஏரிப் படகு, கொண்டை ஊசி வளைவு. எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. ஏன் அழகாக இருக்கின்றன என்று யோசித்தீர்களா? பின்னால் இருக்கும் கரண்ட் கம்பி, லாட்ஜ் கட்டடம், விளம்பரப் பலகை எல்லாவற்றையும் பனி துடைத்துவிடுகிறது. முன்னால் ஒரு சில்வர் ஓக் நின்றால் போதும், தனியாக எழுந்து தெரியும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதுதான் படம் எடுப்பவரின் வேலை. அதை 6 வருடமாக மூடுபனி செய்துகொண்டிருக்கிறது, நீங்கள் பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அப்புறம் எங்கிருந்து வித்தியாசம் தெரியும்? அந்தப் பனியையாவது கவனித்தீர்களா? வெள்ளையைக் கண்டால் கேமராவின் மீட்டர் அதைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப்பாவது (இரண்டு மடங்காக) ஏற்ற வேண்டும். உங்கள் படங்களில் பாதியில் பனி அழுக்கு வேட்டி நிறத்தில் இருக்கிறது.

கல்லூரி நாட்களில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் சாயங்கால வேலை பார்த்தேன். ஃபிலிம் காலம், ரோலுக்கு 36 படம். நான் எடுத்த ரோலை முதலாளி கான்டாக்ட் ஷீட்டாக, அதாவது எல்லாப் படங்களும் ஒரே தாளில் சின்னதாக வரும்படி போட்டு, சிவப்புப் பென்சிலை என் கையில் கொடுப்பார். "நல்லா இருக்குன்னு சொல்லாத தம்பி, என்ன இருக்குன்னு சொல்லு" என்பார். சேலம் குகைப் பகுதியில் ஆடி மாதம் நடக்கும் வண்டி வேடிக்கையை, அந்த அலங்கார வண்டி ஊர்வலத்தை, எடுத்துக்கொண்டு வந்தால், "கூட்டம் எனக்கும் தெரியுது. அந்தப் பையன் எங்க பாக்குறான்?" என்று கேட்பார். எரிச்சலாக வரும். ஆனால் ஷீட் முடிவதற்குள், எடுக்கும்போது கண்ணில் படாத நாலைந்து பேர் எனக்குத் தெரிந்துவிடுவார்கள்.

கேரி வினோகிராண்ட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தான் எடுத்த ரோலை ஒரு வருடத்துக்கும் மேல் கழுவாமல் வைத்திருப்பார். எடுத்த நேரத்துச் சந்தோஷம் ஆறினால்தான் படத்தைப் படமாகப் பார்க்க முடியும் என்று நினைத்தார். உங்கள் பழைய படங்கள் இப்போது அந்தப் பக்குவத்துக்கு வந்திருக்கின்றன. நீங்களோ அவற்றைத் திறப்பதே இல்லை.

இப்போது அந்த 12ஆவது படம். காப்பிக் களம், உச்சி வெயில். ஒரு அம்மா பழத்தைப் பலகையால் தள்ளிக்கொண்டு போகிறார், போன வழி வரிவரியாகக் கிடக்கிறது. கிட்டத்தில் சிவந்த பழம், தள்ளி கருத்துச் சுருங்கிய பழம். வேறு வேறு நாளில் பறித்தவை ஒரே களத்தில் காய்கின்றன. முக்காட்டு நிழலில் முகம் பாதி கருத்துவிட்டது, அதனால்தான் கெட்டுப்போன படம் என்று நினைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தக் கருப்பை லைட்ரூம் மென்பொருளில் வெளிச்சமாக்கிவிடாதீர்கள். அந்த வெயிலின் கடுமை அங்கேதான் இருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்தது காப்பி. உங்கள் மற்ற 11 படங்களில் ஒரு காப்பிச் செடிகூடக் கிடையாது.

மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்தால் பத்து நாளில் காப்பி பூக்கும், சில நாள்தான் நிற்கும். அனுமதி கேட்டு 11 மணிக்குத் தோட்டத்துக்குள் போங்கள். மரங்களுக்குக் கீழே புள்ளிப் புள்ளியாக வெயில் விழும். பூவுக்கு எக்ஸ்போஷர் வைத்தால் ஆள் கருத்துப்போவார், ஆளுக்கு வைத்தால் பூ வெளுத்துப்போகும். எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அதற்கு முன்னால் அந்த 40,000த்தில் மூடுபனி இல்லாதவற்றைத் தனியே பிரியுங்கள். வெயில் என்று அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதில் 36ஐச் சின்ன அளவில் பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் அதில் என்ன இருக்கிறது என்று எழுதி எனக்குத் தபாலில் அனுப்புங்கள். களத்து அம்மாவுக்கும் ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அன்புடன்.