ஒரு பாடகியின் தன்வரலாற்றில் வரும் பதற்ற அத்தியாயத்தை வாசிக்கும்போது எனக்கும் நெஞ்சு படபடக்கிறது: நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டியதில்லை, அந்தப் பாடகி மேடையேறுமுன் மூச்சு முட்டியதை விவரிக்கும் அத்தியாயத்தை மட்டும் உறங்கப்போகும் நேரத்தில் எடுக்காமல், பகலில் சில பக்கங்களாக வாசியுங்கள்.

உடலின் அறிகுறிகளை நுணுக்கமாக எழுதும்போது வாசிப்பவரின் கவனமும் தம் நெஞ்சின் பக்கம் திரும்புகிறது; எப்போதும் உள்ள துடிப்பு அப்போது பெரிதாகத் தெரிய, அதைக் கண்டு அச்சம் எழ, அந்த அச்சமே துடிப்பை மேலும் விரைவாக்குகிறது. உங்களுக்கு நேர்வதும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கலாம்.

அடுத்த முறை நூலைக் கீழே வைத்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு, படபடப்பு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கவனியுங்கள். சில நிமிடங்களில் அடங்கினால் காரணம் வாசிப்புதான் எனக் கொள்ளலாம். வாசிக்காத நாள்களிலும் வந்தாலோ, அதற்கு அஞ்சி வேலையையும் மனிதர்களையும் தவிர்க்கத் தொடங்கியிருந்தாலோ, மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ சேர்ந்து வந்தால் காத்திருக்கவே கூடாது.

அந்தப் பாடகி மூன்றே அத்தியாயங்களில் மீண்டுவிட்டதாக வருந்தியிருந்தீர்கள். தன்வரலாறு காலத்தைச் சுருக்கித்தான் காட்டும்: 1967இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காக் கச்சேரியில் பாடல் வரிகளை மறந்த அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட், மேடை அச்சத்தால் அடுத்த பெரிய இசைச் சுற்றுப்பயணத்தை 1994இல்தான் மேற்கொண்டார்.

ஒன்றை மட்டும் அந்நூலிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் அந்நூலின் பாடகி உட்கொண்டதாக நீங்கள் குறிப்பிடும், இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்தான புரோப்ரனலால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது; மருத்துவர் எழுதித் தராமல் அதைத் தொடக்கூடாது.