பாதி விலை லேசர்: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: மகளுக்கு 23 வயது. இரண்டு கண்ணிலும் மைனஸ் 5. தை மாதம் கல்யாணம். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். ‘லேசர் சிகிச்சை பாதி விலை, ஆயுளுக்கும் கண்ணாடி வேண்டாம், இந்த மாதமே முன்பணம் கட்டினால் மட்டும்’ என்று இருக்கிறது. கட்டலாமா? மெடிக்கல் இன்சூரன்ஸில் கிடைக்குமா?
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: இப்போது கட்டாதீர்கள், ஆச்சி. உங்கள் மகளின் கருவிழி எவ்வளவு கனம் என்று நோட்டீஸ் அடித்தவருக்கு எப்படித் தெரியும்? எல்லாம் அந்தக் கனத்தில்தான் இருக்கிறது.

லேசிக் என்கிற லேசர் சிகிச்சையில் கருவிழியின் மேலிருந்து பாலாடை போல மெல்லிய ஏடு ஒன்றைக் கிளப்புவார்கள். அடியில் லேசரால் கொஞ்சம் கரைத்து வளைவை மாற்றிவிட்டு, ஏட்டைப் பழையபடி மூடிவிடுவார்கள். கருவிழியின் மொத்தக் கனமே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். மகளுக்கு 520 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) என்று வையுங்கள். ஏட்டுக்கு 110 போகும். ஒரு பவருக்குச் சுமார் 14 வீதம் ஐந்துக்கு 70. மிச்சம் 340, தாராளம். அதே கண் 450 ஆக இருந்தால் மிச்சம் 270தான். 300க்குக் கீழே போனாலே பல டாக்டர்கள் யோசிப்பார்கள். ஏடு கிளப்பாமல் செய்யும் பி.ஆர்.கே. முறையைச் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். கனம் இருந்தும் கருவிழி கூம்பு போலப் பிதுங்கும் அறிகுறி ஸ்கேனில் தெரிந்தால் லேசிக் கூடவே கூடாது.

அதனால் முதல் செலவு கருவிழியை அளக்கும் ஸ்கேனுக்கு. போகும்போது பழைய கண்ணாடிச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். ஒரு வருடமாவது பவர் மாறாமல் இருக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால் எத்தனை நாள் முன்பே நிறுத்தணும் என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். லென்ஸ் அழுத்திய கண்ணில் அளவு தப்பும்.

‘ஆயுளுக்கும்’ என்பது வியாபாரப் பேச்சு. நாற்பதைத் தாண்டினால் ஊசியில் நூல் கோக்க உங்கள் மகளுக்கும் கண்ணாடி தேவைப்படும். அது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது, கருவிழியைச் சீவி அதைத் தடுக்க முடியாது.

இன்சூரன்ஸ் கிடைக்காது. பார்வைக் குறை 7.5 பவருக்குக் கீழே இருந்தால் அதைச் சரிசெய்யும் செலவைப் பாலிசிகள் பொதுவாக விலக்கி வைத்திருக்கின்றன.

கல்யாணத் தேதி எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. சிகிச்சைக்குப் பிறகு சில மாதங்கள் வரை கண் வறட்சியும், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் இருக்கலாம். ஓமப் புகை, கண்மை, வீடியோக்காரரின் விளக்கு எல்லாம் ஒரே நாளில் வேண்டாமே. தைக்கு மூன்று மாதமாவது மிச்சமிருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் கல்யாணம் முடியட்டும், மாப்பிள்ளை வீட்டார் கண்ணாடியோடுதானே பார்த்துப் பேசி முடித்தார்கள்?

அப்புறம், பரிசோதனையன்று சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாப்பாவை விரிப்பார்கள். சில மணி நேரம் கண் கூசும். மகளை ஸ்கூட்டியில் தனியாக அனுப்பாமல் கூடப் போய் பஸ்ஸிலேயே அழைத்து வாருங்கள்.