இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை எப்படி அளப்பது? ஒரு தளம் 1,575 மைல் என்கிறது, இன்னொன்று 1,810 மைல் என்கிறது. எது சரி?

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான தூரத்தைத் தேடியபோது இந்த இரு எண்களும் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சரியே. முதலாவது கடல் மைல் (1.852 கி.மீ.), இரண்டாவது தரை மைல் (1.609 கி.மீ.), எதைக் கிலோமீட்டருக்கு மாற்றினாலும் 2,915 அளவில்தான் வரும். இதே குழப்பத்தால் ஒரு காலத்தில் மூன்று மாதம் என் சம்பளத்தில் பிடித்தம் நடந்தது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1990களின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் எழுதும் பணியில் இருந்தேன். அன்று பன்னாட்டுக் கட்டணம் பெரும்பாலும் மைல் கணக்கில் நின்றது. நேர்த் தூரத்தைவிடப் பொதுவாக 20 விழுக்காடு கூடுதலாக ஒரு மைல் வரம்பு உண்டு. சுற்றிச் செல்லும் பயணியின் செக்டர்களின் (ஊருக்கு ஊர் பறக்கும் ஒவ்வொரு கட்டத்தின்) மைல்களைக் கூட்டி, வரம்பை எவ்வளவு தாண்டுகிறதோ அதற்கேற்பக் கட்டணத்தை 5, 10, 15 என்று 25 விழுக்காடு வரை ஏற்ற வேண்டும். சிங்கப்பூர் வழியாக ஹாங்காங் செல்லவிருந்த ஒருவருக்கு நான் கணக்கிட்ட அன்று, எங்கள் கட்டணப் புத்தகத்தில் சென்னை–சிங்கப்பூர் மைல் இருந்த பக்கம் கிழிந்திருந்தது. விமான நிறுவனத்தில் தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். அவர் விமானிகளின் தாளைப் பார்த்து 1,575 என்றார். அது கடல் மைல்; கட்டணக் கணக்கோ தரை மைலில். நான் அதை அப்படியே கூட்டி, 15 விழுக்காடு ஏற்றி டிக்கெட் எழுதிவிட்டேன். ஏற்றியிருக்க வேண்டியது 25. சில வாரங்களில் குறைந்த தொகையைக் கேட்டு விமான நிறுவனத்தின் டெபிட் மெமோ வந்தது. முதலாளி அந்தத் தொகையை என் தலையில் கட்டினார்.

கணினியில் பார்த்திருக்கலாமே என்று கேட்பவர்கள், அன்றைய சிறிய அலுவலகங்களில் டிக்கெட்டைக் கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதினோம் என்பதை நினைவில் கொள்ளட்டும். கிழிந்த பக்கத்துக்குப் பதில் புதுப் புத்தகம் வாங்கித் தராதவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

நீங்களே அளக்க விரும்பினால், இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை எடுத்துக்கொண்டு, பூமியின் ஆரத்தை 6,371 கி.மீ. என வைத்துப் பெருவட்டத் தூரத்தை, அதாவது உருண்டையான பூமியின் பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய தூரத்தைக் கணக்கிடுங்கள். தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைக்க வேண்டாம். விமானம் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். வான்வழித் தடங்களும், ஓடுபாதையின் திசையும், வானிலையும் அதை வளைக்கும். ஆயினும் பணம் பேசும் இடத்தில் பெரும்பாலும் பெருவட்டமே செல்லும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தாமத இழப்பீட்டு விதியில் 1,500 கி.மீ. வரை 250 யூரோ, ஒன்றியத்துக்குள் அதைத் தாண்டினால் 400 யூரோ. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் சென்ற பயணிகள் தாங்கள் 1,656 கி.மீ. பறந்ததாக வாதிட்டும், 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் ரோம்–ஹாம்பர்க் நேர்த் தூரமான 1,326 கி.மீ.யையே எடுத்துக்கொண்டது.

உங்களுக்கு இந்த எண் எதற்காக வேண்டும் என்று கேள்வியில் சொல்லவில்லை. பறக்கும் நேரத்துக்கா, பயணப் புள்ளிகளுக்கா என்று தெரிவித்தால், எந்த மைலில் எழுத வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.