கையில் இரண்டு ஆஃபர், எதை எடுப்பது? புது நர்ஸ்களுக்கான கேள்வி பதில்

ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஆரம்பித்து, அப்புறம் பெரிய மருத்துவமனை ஐசியுவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, இப்போது புதிதாகச் சேரும் ஸ்டாஃபுகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ரிசல்ட் வந்ததிலிருந்து ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்கிறீர்கள், கேள்வி என்னவோ ஒன்றுதான். மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம்.

கேள்வி: அக்கா, சென்னையில் 300 படுக்கை மருத்துவமனையில் 20,000 என்கிறார்கள். சொந்த ஊர் திருச்சியில் 60 படுக்கை, கைக்கு 15,000. வீட்டில் திருச்சியே போதும் என்கிறார்கள். எதில் சேர?

முதலில் அந்த 20,000-ஐப் பிரித்துப் பாரும்மா. அது பெரும்பாலும் சிடிசி கணக்கு, அதாவது நிர்வாகம் உனக்காகக் கட்டும் பிஎஃப், ஈஎஸ்ஐ பணத்தையும் சேர்த்துச் சொல்வது. பேசிக் 12,000, மொத்தச் சம்பளம் 18,000 என்று வைத்துக்கொள். அவர்கள் பங்கு பிஎஃப் 1,440, ஈஎஸ்ஐ 585, ஆக 20,025. உன் பங்காக பிஎஃப் 1,440, ஈஎஸ்ஐ 135 பிடித்தால் கைக்கு வருவது 16,425. ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் மூவாயிரம் போனால் மிச்சம் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம். பணத்தை மட்டும் பார்த்தால் அம்மா சமையலோடு திருச்சிதான் லாபம்.

ஆனால் முதல் வேலைக்கு நான் பார்க்கச் சொல்வது வேறு. நைட்டில் உன்னோடு யார் இருப்பார்கள்? நர்சிங் ஹோமில் நான் சேர்ந்த மூன்றாவது வாரம், இரண்டு மாடி, 22 நோயாளிகள், நானும் ஒரு ஆயாம்மாவும்தான். ராத்திரி இரண்டரை மணிக்கு ஆபரேஷன் முடிந்த ஒரு அம்மாவுக்கு பிபி 80/50. டாக்டர் வீட்டில் தூங்குகிறார். போன் போட்டேன், ஃப்ளூயிட் வேகமாகப் போடச் சொன்னார், போட்டேன். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் ஏன் இறங்கியது, அடுத்து எதைப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர அங்கே ஆளில்லை, பயம்தான் மிச்சம். ஐசியுவுக்குப் போன பிறகு அதே மாதிரி ஒரு ராத்திரி, பக்கத்தில் நின்ற சீனியர் அக்கா மானிட்டரைப் பார்க்கவே இல்லை. "யூரின் எவ்வளவு போயிருக்கு? டிரெயின் டியூப்ல என்ன வருது? டிரெஸ்ஸிங்கைத் தூக்கிப் பாரு" என்றார். தூக்கினால் அடியில் பெட்ஷீட் ரத்தத்தில் நனைந்து கிடக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் படித்தது நான்கு வருடக் கல்லூரியில் ஏறவில்லை.

அதனால் இரண்டு இடத்திலும் கேள்: நைட்டில் ஒரு ஸ்டாஃபுக்கு எத்தனை நோயாளிகள், டியூட்டி டாக்டர் உள்ளேயே இருக்கிறாரா, எத்தனை நாள் சீனியரோடு சேர்த்துப் போடுவார்கள். ஆறு ஏழு பேர், ஒரு மாதம் சீனியரோடு என்று சொன்னால் சென்னைக்குக் கிளம்பு. பன்னிரண்டு பதினைந்து என்றாலோ, "அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்மா" என்று சிரித்தாலோ, அதைவிடத் திருச்சி மேல். முடிந்தால் இன்டர்வியூ அன்று கேன்டீனில் டீ குடிக்கும் ஸ்டாஃபிடம் இதையே கேட்டுப் பார். எச்ஆர் சொன்ன எண்ணும் அவர்கள் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருந்தால் நல்ல இடம்.

இன்னொன்று, நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் வரும்வரை "டிரெயினி" என்று குறைத்துத் தருவார்கள். நம்பர் வந்த மாதமே சம்பளம் மாறுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்.

கேள்வி: 2 வருடம் விலக மாட்டேன் என்று பாண்ட், அதோடு அசல் சான்றிதழும் கேட்கிறார்கள். எல்லோரும் கொடுக்கிறார்கள் என்று தோழி சொல்கிறாள். கொடுக்கலாமா மேடம்?

கொடுக்காதே. அசலைக் காட்டலாம், ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தரட்டும், நகல் அவர்களிடம் இருக்கட்டும். என் அசலை ஓர் இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, வேறு வேலை கிடைத்தபோது அப்பா மூன்று முறை பஸ் ஏறி வந்து ரிசப்ஷனில் உட்கார்ந்த பிறகுதான் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் அந்த வேலை போயேபோய்விட்டது. வெற்றுக் காசோலையில் கையெழுத்தும் போடாதே. நோட்டீஸ் காலம் ஒரு மாதமா மூன்று மாதமா என்று பார், போகும்போது ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் தருவார்களா என்று கேள். பின்னால் எங்கே போனாலும் இந்த இரண்டு தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

கேள்வி: நர்ஸ்களுக்குக் குறைந்தபட்சம் 20,000 என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாமே?

2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி மத்திய அரசு ஒரு குழு போட்டது. 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000-க்குக் குறையக்கூடாது, 200-க்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்குச் சமமாக, என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரைதான், நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் கையில். வாதாட உதவும், சம்பளச் சீட்டில் தானாக வந்து உட்காராது.

கேள்வி: அக்கா, நான் ஆண் நர்ஸ். டயாலிசிஸ் சென்டரில் 19,000, நைட் கிடையாது. கேஷுவாலிட்டியில் (அவசர சிகிச்சைப் பிரிவு) 16,000. டயாலிசிஸ்தானே நல்லது?

தம்பி, டயாலிசிஸில் கை நன்றாகப் பழகும், அதற்கென்று தனி மதிப்பும் உண்டு. ஆனால் முதல் வருடமே அங்கே போனால் நான்கு மணி நேர ரன், ஊசி போடும் ஃபிஸ்டுலா ரத்தக்குழாய், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் என்று ஒரே வட்டத்தில் சுற்றுவாய். கேஷுவாலிட்டியில் நெஞ்சுவலி, விபத்து, பாம்புக்கடி எல்லாம் ஒரே ஷிஃப்டில் வரும். வீட்டில் அந்த மூவாயிரம் அவசியம் இல்லை என்றால் ஒரு வருடம் கேஷுவாலிட்டி பார். கடன் இருந்தால் டயாலிசிஸ் எடு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசு வேலை வந்தால் தனியாரை விட்டுவிடலாமா?

சேரலாம். ஆனால் முதலில் நிரந்தரமில்லாத தொகுப்பூதியம், மாதம் 18,000 என்று தெரிந்து சேர். 2015-இல் 7,700 ரூபாயில் சேர்ந்து, இரண்டு வருடத்தில் நிரந்தரமாகும் என்று நம்பி, பல வருடம் காத்திருந்து போராடியவர்கள் என் செட்டிலேயே உண்டு. அதோடு நர்சிங் ஆபீசர் வேலைக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வையும் எழுது. அடிப்படைச் சம்பளமே 44,900. பி.எஸ்சி.க்கு அனுபவம் தேவையில்லை, ஜிஎன்எம் டிப்ளமோ என்றால் 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் 2 வருடம் வேண்டும். டிப்ளமோ முடித்தவர்கள் 30 படுக்கை ஆஃபரை எடுக்கும்முன் இதை யோசியுங்கள்.

கேள்வி: ஏஜென்ட் ஒருவர் இரண்டரை லட்சம் கட்டினால் சவுதி என்கிறார். இங்கே சேராமல் நேராகப் போய்விடலாமா?

வேண்டாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே பதிந்து வை. வளைகுடாவில் பெரும்பாலும் 2 வருட அனுபவம் கேட்பார்கள், அதை டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் மூலம் மருத்துவமனைக்கே எழுதிச் சரிபார்ப்பார்கள். போலி அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பவனிடம் பேச்சே வேண்டாம்.

கேள்வி: சேருவது முடிவாகிவிட்டது சிஸ்டர். முதல் நாள் என்ன எடுத்துப் போக?

நொடி முள் இருக்கும் வாட்ச், பாக்கெட்டில் அடங்கும் நோட்டு, நாள் முழுக்க நிற்கத் தாங்கும் ஷூ. பேனா மூன்று. ஒன்றை ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கொண்டுபோய்விடுவார், இன்னொன்றை அட்டெண்டர் கேட்பார்.