பேத்தி பார்க்கும் சிரிப்புத் தொடர்

கேள்வி: மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக நானும் என் கணவரும் அமெரிக்கா வந்திருக்கிறோம். பேத்திக்கு ஆறு வயது. பள்ளி விட்டு வந்ததும் டிஸ்னியின் ‘ஜெஸ்ஸி’ தொடரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். “டிவி-ஜின்னுதானே போட்டிருக்கு, பயப்படாதம்மா” என்கிறாள் மகள். போன வாரம் கடையில் தாத்தா இங்கிலீஷில் ஏதோ கேட்டார். “தாத்தா ரவி மாதிரி பேசுறார்” என்று, அந்தத் தொடரில் வரும் இந்தியப் பையனைச் சொல்லி, பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு வெளியே போனால் அவர் வாயே திறப்பதில்லை. இந்தத் தொடரை அவள் பார்க்கலாமா?
– ஒரு வாசகி, எடிசன், நியூஜெர்சி

பதில்: தாத்தா வாய் திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, அதைப் படித்ததும் மனசு கஷ்டப்பட்டது. அதனால் ‘ஜெஸ்ஸி’யில் நான்கு எபிசோடுகளை உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் அந்த டிவி-ஜி. கெட்ட வார்த்தையோ அடிதடியோ பெரிதாக இருக்காது, எல்லோரும் பார்க்கலாம் என்பதுதான் அதற்குப் பொருள். குழந்தைகளுக்கென்றே எடுத்தது என்று அர்த்தமில்லை. சின்னக் குழந்தைகளுக்கு டிவி-ஒய், ஏழு வயதுக்கு மேல் டிவி-ஒய்7 என்று அங்கே தனியாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு தொடர் யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறது என்பதை இந்த எழுத்துகள் எதுவுமே சொல்லாது. நான் பார்ப்பது அதைத்தான். ஒரு நோட்டில் பாத்திரங்களின் பெயரை எழுதிக்கொண்டு, பின்னணியில் சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் யாரை வைத்துச் சிரித்தார்களோ அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டேன். சமையல் செய்யும் பெர்ட்ரமின் தொப்பைக்கும் சோம்பலுக்கும் கோடுகள் நிறைந்துவிட்டன. அடுத்து ரவி. இந்தியாவிலிருந்து தத்தெடுத்த பையன், பெரிய நீர் உடும்பு ஒன்றை வளர்க்கிறான். நல்லவன், புத்திசாலி. ஆனால் அவன் என்ன சொன்னாலும், சொல்லும் விதமே பாதிச் சிரிப்பு.

அந்தப் பையனாக நடித்த கரண் பிரார் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். நிஜத்தில் உங்கள் பேத்தி மாதிரிதான் பேசுவார். அந்த உச்சரிப்பை நடிப்புக்காகப் பயிற்சி எடுத்துக் கற்றுக்கொண்டார். இதைப் பேத்தியிடம் சொல்லுங்கள். அவர் சாதாரணமாகப் பேசும் பேட்டி ஒன்றையும் போட்டுக் காட்டுங்கள். ஆறு வயசுக்கு இது நன்றாகவே புரியும்.

இந்தத் தொடரின் கேலி எல்லை மீறியதும் உண்டு. 2013-ல் ஓர் எபிசோடில், கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத ஒரு சிறுவனைக் கிண்டல் செய்து அவன் மேல் பான்கேக்கை வீசுவதாகக் காட்சி. அதே பிரச்சினை உள்ள குழந்தைகளின் பெற்றோர் கொதித்துப்போனார்கள். டிஸ்னி அந்த எபிசோடையே நிறுத்தியது.

“கடைசியில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறார்களே” என்று மகள் சொல்லலாம். கேட்கிறார்கள்தான். நான் முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஒருமுறை, கொய்யாப்பழம் திருடப்போன பையன் மாட்டிக்கொண்டு அழுது திருந்திய கதையைச் சொன்னேன். மறுநாள் பிள்ளைகள் அதை நடித்துக் காட்டினார்கள். அத்தனை பேருக்கும் மரம் ஏறவேண்டும்! பெஞ்சையே மரமாக்கி மாற்றி மாற்றி ஏறினார்கள். மன்னிப்புக் கேட்கும் இடத்துக்கு ஒருத்தரும் வந்து சேரவில்லை. இருபது நிமிஷம் நடந்த கிண்டலையும் கடைசி இரண்டு நிமிஷ மன்னிப்பையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அந்த வயசில் வராது.

நல்லதையும் சொல்லவேண்டும். தத்துப்பிள்ளை, சொந்தப்பிள்ளை என்ற பேதமில்லாமல் ரவி உள்பட நான்கு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒன்பது, பத்து வயதில் நீங்களோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். இப்போது வேண்டாம் என்பதுதான் என் முடிவு. பட்டென்று நிறுத்தினால் அழுவாள். அந்த நேரத்துக்கு ‘புளூயி’ கார்ட்டூன் போடுங்கள். ஒரு எபிசோடு ஏழு நிமிஷம்தான், சிரிப்புச் சத்தம் கிடையாது, எங்கே சிரிப்பது என்று குழந்தையே கண்டுபிடிக்கிறாள்.

அப்புறம், தாத்தா. ராத்திரி அவள் ஸ்கூல் புத்தகத்தைக் கொடுத்து அவரையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அவர் பேசுகிற அதே இங்கிலீஷில்.

கேள்வி: ஓடிடியில் ‘யு/ஏ 7+’ என்று போட்டிருந்தால் என் ஏழு வயது மகனைத் தனியாகப் பார்க்க விடலாமா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: 2021-ல் வந்த விதிகளின்படி அந்த வயதைக் குறிப்பது ஓடிடி நிறுவனமேதான். பெற்றோருக்கான பூட்டு வசதியும் ‘13+’-லிருந்துதான் கட்டாயம். முதல் இரண்டு எபிசோடுகள் கூட உட்காருங்கள். மறுநாள் தங்கையிடம் எந்த வசனத்தைச் சொல்கிறான் என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.