நான் வாங்காத லோனுக்கு நான் ஏன் கட்டணும்?

கேள்வி: என் பேன் நம்பரை வச்சு யாரோ ஆப்ல லோன் எடுத்திருக்காங்க, ரிக்கவரி ஆளுங்க தினமும் போன்ல மிரட்டுறாங்க. ஸ்டேஷனுக்கு போனா எங்க ஏரியா கேஸ் இல்லன்னுட்டாங்க, எனக்கு மராத்தியும் சரியா வராது. என்ன பண்றது?
- வாசகி, மும்பை

பதில்: பயப்படாதீங்கம்மா. மிரட்டுறாங்களேன்னு ஒரு ரூபா கூட கட்டிடாதீங்க, அப்புறம் கடனை நீங்களே ஒத்துக்கிட்டதா பேசுவாங்க. ஏரியா இல்லன்னு திருப்பி அனுப்பினது தப்பு, எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எஃப்ஐஆர், அதாவது எந்த ஏரியா கேஸா இருந்தாலும் பதியுற முதல் தகவல் அறிக்கை, போடலாம், 2024 ஜூலைல வந்த பிஎன்எஸ்எஸ்ங்கற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 173வது பிரிவே அதுக்குத்தான், அடுத்தவங்க அடையாளத்தை திருடுறதுக்கான ஐடி ஆக்ட் 66சி பிரிவையும் புகார்ல எழுதுங்க. மறுபடி மறுத்தா புகாரை டிசிபிக்கு, அதாவது போலீஸ் துணை கமிஷனருக்கு, தபால்ல அனுப்புங்க. எஃப்ஐஆர் மராத்தில இருந்தா படிச்சு காட்டுங்கன்னு கேளுங்க, புரியாம கையெழுத்து வேண்டாம், மராத்தி தெரிஞ்ச அக்கம்பக்கத்து பிள்ளை யாரையாவது கூட்டிட்டு போங்க. எஃப்ஐஆர் காப்பி இலவசமா தரணும், அது உங்க உரிமை, வாங்காம வெளிய வராதீங்க, ஏன்னா லோன் கொடுத்த கம்பெனி அதை கேக்கலாம். உங்க பேர்ல இருக்கிற கடன் விவரத்தை காட்டுற சிபில் ரிப்போர்ட் வருஷம் ஒண்ணு ஃப்ரீ, அதுல இந்த லோன் என்னுது இல்லன்னு டிஸ்ப்யூட் போட்டா 30 நாள்ல பதில் வரணும். ஆதார் பயோமெட்ரிக்கை (கைரேகை, கண் பதிவு) இன்னைக்கே லாக் பண்ணுங்க. அக்கவுண்ட்ல இருந்து பணமும் போயிருந்தா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்கு போன் அடிங்க.