கிணறு யாருடைய கையில்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் தோட்டக் காணி உறுதியில் "கிணற்றில் நாலிலொரு பங்கும் வழிவாய்க்காலும்" என்று இருக்கிறது. கிணறு பக்கத்துக் காணிக்குள். புதிதாக வாங்கியவர் மதில் கட்டி, இறைக்க விடுகிறார் இல்லை. – ஏழாலை வாசகர்

உறுதியில் அந்த ஒரு வரி இருக்கிறதே, அதுதான் உங்கள் பலம். காணி கைமாறினாலும் கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரித்தும் அழியாது. மதில் கட்டலாம், உங்கள் வழியை அடைக்க முடியாது. உறுதியில் எழுதாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு: பத்து வருடம் தடையில்லாமல், உரித்தாகவே இறைத்து வந்திருந்தால் 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் கைகொடுக்கும். ஆனால் "அண்ணை, இண்டைக்கு இறைக்கட்டோ?" என்று கேட்டுக் கேட்டு இறைத்தது கணக்கில் வராது. பிரதேச சபையில் முறைப்பாடு எழுதிக் காலம் கடத்தாதீர்கள். இது மாவட்ட நீதிமன்ற விடயம். பழைய உறுதிகளையும் நில அளவைப் படத்தையும் எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள்.

குழாய் நீர் இணைப்பு எடுத்தால் கிணற்றை மூடச் சொல்வார்களா?

இல்லை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1974 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அதன் அதிகாரம் அது தரும் தண்ணீர் மேல்தான். கட்டணம் கட்டாவிட்டால் இணைப்பை வெட்டும். உங்கள் கிணறு உங்களுடையதே.

அயலவர் ஆழமாகக் குழாய்க்கிணறு அடித்தபின் எங்கள் தண்ணீர் உவர்க்கிறது. யாரிடம் போவது?

யாழ்ப்பாணத்து நிலத்தடிச் சுண்ணாம்புக் கல்லுக்குள் கடல்நீரின் மேல் நன்னீர் மிதக்கிறது. நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை நன்னீர். மேலே ஒரு முழம் குறைந்தால் கீழே உவர் பல முழம் ஏறிவிடும். ஆகவே நீங்களும் போட்டிக்கு ஆழமாக அடிப்பது வீண் வேலை. முதலில் தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கை எடுங்கள். நிலத்தடி நீரை ஆராய, 1964 ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த நீர்வளச் சபை இருக்கிறது. பிரதேச சபைக்கும் எழுதி வையுங்கள். உண்மையைச் சொன்னால், தண்ணீர் முழுவதையும் கட்டியாளும் ஒரே சட்டம் இலங்கையில் இல்லை. அதனால்தான் இந்த அலைச்சல். எண்ணெய், கழிவு கலந்தால் கதை வேறு: அப்போது மத்திய சுற்றாடல் அதிகாரசபை. சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் மின் நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீர் யாழ்ப்பாணத்துக்கு வருமா?

கிளிநொச்சி விவசாயிகள் விடவில்லை. குறை சொல்ல மாட்டேன், எந்தத் திகதியில் வாய்க்கால் திறப்பது என்பதை அவர்கள் கூடும் போகக் கூட்டம்தான் தீர்மானிக்கிறது. அதற்குச் சட்ட வலு உண்டு. மாற்றாக வந்ததுதான் தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம். 2024 இல் திறந்தார்கள், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு.